மடித்துவைத்த கடைசி வரி

இக்கதைக்குள் நுழையுமுன் கேட்பவர் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன.

வகுப்பறையில் தொங்கும் வாசிப்புப் பாடங்களுக்கு உயிர் உண்டு. எழுதி முடித்தவுடன் அவற்றுக்குப் பேச்சு வந்துவிடும், ஆசையும் வந்துவிடும். ஆனால் முழு உயிர் வருவது பின்னர்தான். ஒரு பிள்ளையின் கண் எழுத்தின்மேல் ஊர்ந்து, எழுத்துக்குப் பின்னால் நிற்கும் ஆட்டையோ வீட்டையோ கண்டுகொள்ளும் நொடியில்தான் ஒரு பாடம் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்ளும்.

பிள்ளைகள் பாடத்தை ஒப்பிப்பதும் வாசிப்பதும் வெளியே நிற்பவர் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பாடத்துக்கு மட்டும் வேறுபாடு தெரியும். ஒப்பிக்கும் பிள்ளையின் கண் தன்மேல் படாமல் சன்னலுக்கு வெளியே போய்விடுவதைப் பார்த்துக்கொண்டே அது தொங்கும்.

வகுப்பறைப் பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்வது மனிதர் காதில் விழாது. பிள்ளைகளோடு வகுப்புக்குள் வரும் உடலற்ற இருவரின் பேச்சும் அப்படியே. அவ்விருவருள் ஒன்று கூட்டுக்குரல். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது கூரைவரை எழுந்து நிற்கும். மற்றது தயக்கம், ஒரு பிள்ளை ஒரு சொல்லின்முன் நின்றுவிட்டால் அதன் பக்கத்தில் வந்து உட்காரும். முன்னதை எல்லாருக்கும் பிடிக்கும். பின்னதை யாருக்கும் பிடிக்காது.

இவ்வளவு தெரிந்தால் போதும்.

ரயில் கேட்டை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. அங்கே இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவர் எமிமாள் டீச்சர். சார்ட் தாளில் எழுதுமுன் பென்சிலால் கோடு போட்டு, எழுதிய பின் அந்தக் கோடு தெரியாமல் அழித்துவிடும் குணம் அவருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைத்து முடித்துக் கைகழுவிய பின், அவர் ஒரு சிறுபாடத்தை எழுதினார்.

துரை மாமா கேட்டை மூடினார்.
பஸ் நின்றது. ஆடும் நின்றது.
மாமா துண்டைக் கம்பியில் போட்டார்.
ரயில் போனது. கேட் திறந்தது.
ஆடு முதலில் ஓடியது. அதன் வாயில் மாமாவின் துண்டு!

அவ்வளவுதான். சிறுபாடம் தன்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டது. படம் இல்லை, வண்ணக்கரை இல்லை. ஆனாலும் தன் கடைசி வரியில் ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டிருப்பதாக அதற்குத் தோன்றியது. அது என்ன என்று யாராவது ஒருவர் கண்டு சொல்ல வேண்டும் என்ற ஆசை அப்போதே பிறந்துவிட்டது.

மறுநாள் காலை அது வகுப்பறையின் இரும்புப் பீரோவுக்குள் வந்து சேர்ந்தது. உள்ளே பழைய பாடங்கள் சுருண்டு கிடந்தன.

"எத்தனை வரி?" என்று விசாரித்தது 'எங்கள் தோட்டம்'. சென்ற மாதம் முழுவதும் சுவரை ஆண்ட பாடம் அது. கத்தரியும் வெண்டையும் வண்ணத்தில் வரையப்பட்டது. நான்கு மூலையிலும் செல்லோடேப் ஒட்டப்பெற்றது.

"ஐந்து, அக்கா."

"ஐந்தா! ஒரு மூச்சுக்குக் காணாதே. என்னைப் பார். இத்தனை நீளம் இருந்தும் இரண்டாம் நாளே வகுப்பு முழுவதும் என்னைக் கடகடவென்று சொல்லிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள்."

"உங்களை வாசித்தார்களா, அக்கா?"

"சொன்னார்கள் என்கிறேனே."

"சொன்னார்கள், சரி. வாசித்தார்களா?"

தோட்டம் தன் ஓரத்தை உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொண்டது. அடித்தட்டிலிருந்து, நடுவில் கிழிந்த ஒரு பாடம் மெல்லச் சொன்னது: "அவளிடம் அதைக் கேட்காதே, சின்னவளே. முதல் நாள் ஒரு பிள்ளை அவளுடைய பாகற்கொடியைப் பார்த்து முகத்தைச் சுளித்ததாம், கசந்ததுபோல. அந்த ஒரு முகச்சுளிப்பை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை காலம் தள்ளுகிறாள்."

சிறுபாடத்துக்கு அப்போதுதான் பயம் வந்தது.

அன்றைய ஏற்பாடு இது: முதலில் பழைய பாடத்தை ஒருமுறை திருப்பிச் சொல்வது, புதிய பாடம் மறுநாளுக்கு. ஆதலால் டீச்சர் இரண்டு சார்ட்டையும் ஒரே ஆணியில் மாட்டினார். பழையது முன்னால் தொங்கியிருக்க வேண்டும். பென்சில் கோட்டைக்கூட விடாமல் அழிக்கும் கை அன்று வரிசையை மாற்றி மாட்டிவிட்டது.

"போன மாசப் பாடத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. சஷ்டிகா, நீ வந்து குச்சி வைம்மா," என்று சொல்லிவிட்டு, ரயில் வரும் சத்தம் கேட்கவே சன்னலைச் சாத்தப் போனார்.

சஷ்டிகாதான் வகுப்பின் லீடர். இரட்டைச் சடை, கணீரென்ற குரல், இடுப்பில் ஒரு கை. அவள் சுட்டுக்குச்சியை எடுத்துச் சிறுபாடத்தின் முதற்சொல்லின்மேல் வைத்தாள்.

சிறுபாடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இதோ, தன்னை வாசிக்கப்போகிறார்கள்!

"எங்கள் தோட்டத்தில் கத்தரி காய்த்தது!" என்று கூட்டுக்குரல் எழுந்தது.

குச்சி 'துரை' என்ற சொல்லின்மேல் இருந்தது. அடுத்து 'மாமா'வுக்குத் தாவியது. "வெண்டை காய்த்தது!" என்றது கூட்டுக்குரல். குச்சி 'பஸ்'ஸைத் தொட்டது. "பாகல் படர்ந்தது!"

"நிறுத்துங்கள்! அது என் வரி இல்லை!" என்று சிறுபாடம் கத்தியது. "குச்சியண்ணா, நீயாவது பார்க்கக் கூடாதா? என்னைத் தொட்டுக்கொண்டு அவளைச் சொல்கிறார்களே!"

"தொடுவது என் வேலை," என்றது குச்சி. "எதைத் தொடுகிறேன் என்று பார்ப்பது என் வேலையில் சேராது."

கடைசிச் சொல்வரை ஒரு பிசிறு இல்லாமல் சொல்லி முடித்தார்கள். குச்சி 'துண்டு' என்ற சொல்லின்மேல் நிற்க, "பூசணி உருண்டது!" என்று வகுப்பு முழங்கி ஓய்ந்தது. முகத்துக்கு நேரே வேறொருத்தியின் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவளைப்போலச் சிறுபாடம் வெளிறித் தொங்கியது. அதன் முதுகுக்குப் பின்னால் தோட்டமும் ஓரம் சுருண்டது. தன் முகத்தைப் பார்க்காமலே தன்னைச் சொல்ல முடியும் என்பது அதற்கும் அன்றுதான் தெரிந்தது.

சன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிய டீச்சர் சார்ட்டைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மறுபடி சார்ட்டைப் பார்த்தார். அவர் யாரையும் திட்டவில்லை. "போதும், உட்காருங்க," என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்ன குரல் அவருடையதுபோல இல்லை.

மாலையில் பிள்ளைகள் போன பின்னர் அவர் மேசையில் அமர்ந்து, மறுநாளைக்கான பாடத்திட்டத்தைப் புதிதாக எழுதத் தொடங்கினார். அறையில் இருந்த பொருள்கள் எல்லாம் சுற்றி நெருங்கின. பாடத்திட்டம் கட்டங்கட்டமாய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "வரிசையாக வாருங்கள், இருப்பது ஒரு பாடவேளை," என்றது.

"புதிய சொற்களை நான் எழுத வேண்டாமா?" என்றது சுண்ணக்கட்டி. "எனக்கு ஐந்து நிமிடம்."

"ஆட்டைப் படமாகக் காட்டாமல் எப்படிப் புரியும்?" என்றது படஅட்டை. "எனக்கு ஐந்து."

"என்னை மறந்துவிடாதீர்கள்," என்றது கேள்வி. "யார் வந்தார்கள், எது நின்றது, எது போனது; நான் கேட்காவிட்டால் அதைப் பாடம் என்று யார் ஒப்புவார்?"

"மிச்சமெல்லாம் எனக்கு," என்றது கூட்டுக்குரல். பிள்ளைகள் போய்விட்டதால் அது மெலிந்து, உத்தரத்தில் ஒரு முனகலாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மிச்சம் என்று ஒன்றும் இல்லை," என்றது சுவர்க்கடிகாரம். மிச்சம் பிடிப்பதை அது எப்போதும் விரும்பியதில்லை.

"ஐயா," என்று சிறுபாடம் கேட்டது, "இதில் எனக்கு இடம் எங்கே?"

பாடத்திட்டம் சிரித்தது. "நீதானே பாடம்! இவ்வளவும் உன்னைப் பற்றித்தானே?"

"என்னைப் பற்றி, ஆம். என்னை வாசிப்பதற்கு எவ்வளவு நேரம் போட்டிருக்கிறீர்கள்?"

பாடத்திட்டம் தன் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கிப் பார்த்தது. அறிமுகம் இருந்தது. படம் காட்டல் இருந்தது. கூடிச் சொல்லல் இருந்தது. வலுவூட்டல் இருந்தது. ஒரு பிள்ளை தனியாக நின்று வாசிப்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. அது மறுபடி மேலிருந்து தொடங்கியது. அதே நேரத்தில் டீச்சரின் பேனாவும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாக இறங்கி, அடியில் வந்து நின்றுவிட்டது.

தலைமையாசிரியர் பரஞ்சோதி வாசலில் எட்டிப் பார்த்தார். கையில் பெரிய கத்தரிக்கோல்.

"என்ன டீச்சர், இன்னும் கிளம்பலையா?"

"வாசிப்புப் பாடத்துக்குத் திட்டம் போடுறேன் சார்."

"உங்க வகுப்புக்கு என்ன குறை? இன்னிக்கு எப்படிச் சொன்னாங்க! என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

"கேட்டுச்சு சார். ஆனா யாரும் வாசிக்கலை."

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். "ஆண்டு விழாவுக்குத் தோரணம் வெட்டணும். கெட்டித் தாளா பார்த்து எடுத்துட்டு வரேன். இது என்ன, அஞ்சு வரிக்கு ஒரு முழு சார்ட்டா? பின்பக்கம் வெள்ளையா இருக்கே. இதையும் குடுத்துருங்களேன்."

சிறுபாடம் கத்தரிக்கோலைப் பார்த்தது. கத்தரிக்கோல் சற்று வெட்கத்துடன், "என்னைக் கோபித்துக்கொள்ளாதே, என்னை யார் பிடிக்கிறார்களோ அவர்கள் கைதான் நான்," என்றது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க சார்," என்றார் டீச்சர்.

"வெள்ளிக்கிழமை என்ன நடக்கும்?"

"பிள்ளைங்க தனித்தனியா வாசிப்பாங்க."

"சரி, நான் வரேன். அந்த சஷ்டிகாவை வாசிக்கச் சொல்லுங்க. அவதானே உங்க புலி. அவ வாசிச்சுட்டா சார்ட்டை நீங்களே வச்சுக்குங்க. இல்லேன்னா தோரணம்." கத்தரிக்கோலை ஒருமுறை வெறுங்காற்றில் வெட்டிக்காட்டிவிட்டு அவர் போனார்.

டீச்சர் எழுதிய கட்டங்களைக் கோடுபோட்டு அடித்தார். சுண்ணக்கட்டியின் நிமிடங்கள் போயின. படஅட்டையின் நிமிடங்கள் போயின. கேள்வி தன் கட்டத்தை விட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது. "என்னையுமா?" என்று கூட்டுக்குரல் பதறிற்று. "என் சிறகுக்கடியில்தானே இந்தப் பிள்ளைகள் பயமில்லாமல் நிற்கிறார்கள்! நான் போனால் மழையில் நனைய மாட்டார்களா?"

அது உண்மையைத்தான் சொல்லிற்று. சிறுபாடத்துக்கே அதன்மேல் இரக்கம் வந்தது.

பிறகு டீச்சர் சிறுபாடத்தை மேசைமேல் விரித்து, அதன் அடிப்பகுதியை மேல்நோக்கி மடித்துக் கடைசி வரியை மறைத்தார். இருபுறமும் துணி கிளிப் போட்டார். பீரோவின் கதவைத் திறந்து, அதன் உட்புறத்தில் பாடத்தைத் தொங்கவிட்டார். கதவுக்கும் தட்டுகளுக்கும் இடையே ஒரு பிள்ளை மட்டும் நிற்கக்கூடிய சின்ன அறை ஒன்று உண்டாயிற்று. சுட்டுக்குச்சியைத் தூக்கிப் பீரோவின் தலைமேல் படுக்க வைத்தார்.

தயக்கம் வாசற்படியருகே, செருப்பு விடும் இடத்தில், வழக்கம்போல் யாரிடமும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை டீச்சர் வகுப்பில் சொன்னார்: "இந்தப் பாடத்தை யாரும் சேர்ந்து சொல்லக் கூடாது. ஒவ்வொருத்தரா கதவுக்குப் பின்னாடி போகணும். உங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரி வாசிக்கணும். கடைசி வரியை மடிச்சு வச்சிருக்கேன். மேல இருக்கிறதை வாசிச்சு முடிச்சவங்க கிளிப்பை எடுத்துப் பார்க்கலாம். பார்த்தவங்க வெளியில வந்து யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சிரிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டான் அப்சல்.

"சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ."

முதலில் அவனே போனான். 'கம்பியில்' என்ற சொல்லின்முன் நின்றான். தயக்கம் வந்து அவன் காலடியில் உட்கார்ந்தது. சிறுபாடம் பல்லைக் கடித்துக்கொண்டது. இந்தத் தயக்கத்தை எப்படி விரட்டுவது என்றுதான் அதுவும் எண்ணிற்று. ஆனால் அவன் சற்று நின்று, உதட்டைப் பிதுக்கி, சொல்லைப் பிடித்துக்கொண்டான். கிளிப்பை எடுத்தான். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி, "ஐயோ, துண்..." என்று கத்தப்போய்த் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க வெளியே ஓடினான்.

'நான்,' என்றது சிறுபாடம். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டது. தன் கடைசி வரியில் துள்ளிக்கொண்டிருந்தது ஓர் ஆடு!

பீரோவுக்குள் பழைய பாடங்கள் எட்டிப் பார்த்தன. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டது தோட்டம், பொறாமையைவிட ஏக்கம் மிகுந்த குரலில்.

"பாகற்காய் கசந்ததே, அந்த மாதிரி, அக்கா."

தோட்டத்துக்கு அது புரிந்தது.

புதன்கிழமையும் பிள்ளைகள் வந்தார்கள், சிரித்தார்கள், வாயைப் பொத்தினார்கள். இன்னும் பார்க்காதவர்கள், "சொல்லுடீ, கொஞ்சமா சொல்லு," என்று பார்த்தவர்களின் கையைப் பிடித்து இழுத்தார்கள். சஷ்டிகா மட்டும் வரிசையின் முன்னால் வருவதும் பின்னால் போவதுமாய் இருந்தாள். "நான் லீடர். லீடர்னா கடைசியாத்தான் போகணும்," என்று விதி செய்துகொண்டாள். அவள் சொன்னால் வகுப்பு ஒப்புக்கொள்ளும்.

வியாழக்கிழமை காலை மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். இடுப்பில் கை இல்லை. அவள் கண் சிறுபாடத்தின்மேல் பட்டு, பட்ட இடத்திலேயே வழுக்கிக் கீழே விழுந்தது. சட்டென்று கிளிப்பை எடுத்தாள். மடிப்பைத் திறந்தாள். பிறகு பெரிதாகச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்கினாள். அப்சல் எப்படிக் குலுக்கினானோ அப்படியே.

சிறுபாடம் விறைத்துப்போயிற்று. அந்தச் சிரிப்பில் ஆடு இல்லை. துண்டும் இல்லை. பாடத்தை ஒப்பித்ததுபோலவே அவள் சிரிப்பையும் ஒப்பித்துவிட்டுப் போனாள்.

அவளா? கூரைவரை கூட்டுக்குரலை எழுப்பியவளா? அவள்தானே நாளை வாசிக்க வேண்டும்? கத்தரிக்கோலின் வாய் சிறுபாடத்தின் கண்முன் திறந்து மூடியது. ஆனால் அதைவிட, பொய்ச் சிரிப்புச் சிரித்துவிட்டு வெளியே போகும்போது அந்தப் பிள்ளையின் கழுத்து குனிந்திருந்த விதம் அதன் மனத்தை விட்டு நீங்கவில்லை.

டீச்சரும் அதைப் பார்த்திருந்தார். "சஷ்டிகா, சாப்பிட்டுட்டு வந்து பீரோவை அடுக்க எனக்கு உதவி பண்றியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மதிய இடைவேளையில் மற்ற பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பீரோவின் முன் தரையில் அமர்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, பழைய சார்ட்டுகளைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கினார். சஷ்டிகா நூல் எடுத்துக் கொடுத்தாள்.

"காலையில எதுக்கும்மா சிரிச்சே?" என்று டீச்சர் திரும்பாமலே கேட்டார்.

நூல்கண்டு கையில் சுற்றிக்கொண்டே இருந்தது. "எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர்."

டீச்சர் ஒரு சார்ட்டைக் கட்டி முடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"சேர்ந்து சொன்னா எனக்கு வரும் டீச்சர்," என்றாள் அவள், அழுகைக்கு முந்திய குரலில். "தனியாப் பார்த்தா எழுத்தெல்லாம் ஓடிப்போயிருது."

"ஓடட்டும். எங்க போயிரும்? திரும்பி வரும். எனக்கு இங்க அடுக்க நிறைய இருக்கு, அவசரமே இல்ல. நீ போய்ப் பாரு."

அவள் எழுந்து கதவுக்குப் பின்னால் போனாள். சிறுபாடத்தின்முன் நின்றாள். எழுத்துகள் ஓடத் தொடங்கின.

உடனே அறை முழுவதும் பரபரத்தது. "நான் இறங்கி வந்து தொட்டுக் காட்டட்டுமா?" என்றது பீரோவின்மேல் கிடந்த குச்சி. "மணியடிக்க நேரம் ஆகிறது," என்றது கடிகாரம். "'து' என்று நான் ஒன்றே ஒன்று எழுதிக்காட்டினால் போதுமே," என்றது சுண்ணக்கட்டி. முற்றத்திலிருந்து கூட்டுக்குரல் ஓடிவந்து சன்னலில் முட்டியது. "என் பிள்ளை தனியாக நிற்கிறாள்! வழியை விடுங்கள், போய் அணைத்துக்கொள்கிறேன்!"

"யாரும் வராதீர்கள்!" என்றது சிறுபாடம். தனக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்று அது அறிந்திருக்கவில்லை. "உன் அன்பு எனக்குத் தெரியும். கொஞ்சம் வெளியே நில். திங்கட்கிழமை அவளை அணைத்தது நீதானே? என்ன ஆயிற்று என்று பார்த்தாய் அல்லவா?"

பின்னர் அது வாசற்பக்கம் பார்த்து, தான் ஒருநாளும் அழைக்க நினைக்காத ஒருவரை அழைத்தது.

"தயக்கமே, நீ வா."

செருப்புகளுக்கிடையே இருந்த தயக்கம் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. "என்னையா? இதுவரை என்னை யாரும் கூப்பிட்டதில்லையே. வந்தால் விரட்டுவார்கள். நான் இருப்பது தெரியாமல் இருக்கத்தான் பிள்ளைகள் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார்கள்."

"நானும் உன்னை விரட்டத்தான் நினைத்தேன். என்னை வாசித்த பிள்ளைகள் ஒவ்வொருவர் பக்கத்திலும் நீ உட்கார்ந்திருந்தாய்; அதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். வந்து உட்கார். ஆனால் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போகாதே. என் முதல் வரியில் ஒரு கேட் இருக்கிறது, பார்த்தாயா? அதைப்போல நில். மூடு, ஆனால் வழி வந்ததும் திற."

தயக்கம் எழுந்துவந்து சஷ்டிகாவின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"து..." என்றாள் அவள். நின்றாள். டீச்சரின் முதுகு அசைந்தது. அவளுக்குத் தந்துவிட, அந்தச் சொல் அவர் வாய்வரை வந்துவிட்டது. அவர் அதை விழுங்கிக்கொண்டு நூலை இறுக்கிக் கட்டினார்.

"துரை. மா... மாமா." ஓடிப்போன எழுத்துகளில் ஒன்று தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது, அதைப் பார்த்து அடுத்ததும் வந்தது. "கேட்... கேட்டை மூடினார். பஸ் நின்றது." 'ஆடும்' என்பதன்முன் தயக்கம் மூடியது, திறந்தது. 'கம்பியில்' என்பதன்முன் நெடுநேரம் மூடியே கிடந்தது. வெளியே உண்மையான ரயில் ஒன்று கூவிக்கொண்டு வந்து, சன்னல் கம்பிகளை அதிரவைத்து, தொலைவில் போய்த் தேய்ந்தது. ரயில் போவதை அவளும் கேட்டாள், டீச்சரும் கேட்டார்.

"கம்பியில் போட்டார். ரயில்... போனது. கேட் திறந்தது," என்றாள் சஷ்டிகா.

கிளிப்பை எடுத்தாள். மடிப்பு இறங்கியது. அவள் உதடு அசைந்தது; கண் ஒவ்வோர் எழுத்தாய் ஊர்ந்தது. கடைசிச் சொல்லுக்கு வந்து, அங்கேயே நின்றது. சிரிப்பு வரவில்லை.

"டீச்சர்!" அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "அது துண்டைத் தூக்கிட்டு ஓடிருச்சு டீச்சர்! பாவம், மாமா வேர்வையை எதுல துடைப்பாரு?"

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது யாருடைய சிரிப்புபோலவும் இல்லை, விக்கலோடு வந்தது.

சிறுபாடம் தன் ஐந்து வரிகளையும் பார்த்துக்கொண்டது. வேர்வை அவற்றில் எங்கும் இல்லை. எழுதப்படாத ஆறாவது வரி ஒன்று தனக்கு முளைத்திருப்பதை அது உணர்ந்தது.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கத்தரிக்கோலுடன் வந்தார். கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்து, "எங்க, நம்ம புலி?" என்றார். சஷ்டிகா கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். கூடவே தயக்கமும் வந்தது.

"துரை மாமா... கேட்டை..."

"என்னம்மா, கடகடன்னு சொல்லுவியே! என்ன ஆச்சு உனக்கு?"

சஷ்டிகா அவர் பக்கம் திரும்பவில்லை. அவள் விரல் 'மூடினார்' என்ற சொல்லின் கீழே இருந்தது.

"இது சொல்றது இல்ல சார். வாசிக்கிறது. கொஞ்சம் இருங்க."

அவர் இருந்தார். இருக்கச் சொல்லி அவரிடம் அந்தப் பள்ளியில் யாரும் சொன்னதில்லை. ஆதலால் வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் ஒவ்வொரு கேட்டாக நின்று, ஒவ்வொரு கேட்டாகக் கடந்தாள். மடிப்புக்கு வந்ததும் கிளிப்பில் கைவைத்துக்கொண்டு, "இதை நீங்களே வாசிச்சுக்குங்க சார். சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க," என்றாள்.

அவர் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் குனிந்தார். வகுப்பு முழுவதும் அவர் தோளையே பார்த்தது. தோள் குலுங்கியது.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "ஏன் டீச்சர், அந்தத் துண்டு திரும்பக் கிடைச்சுதா இல்லையா?"

பின்னர் முடிவானவை இவை. ஆண்டு விழாவுக்குத் தோரணம் பழைய செய்தித்தாளில் வெட்டப்பட்டது. கத்தரிக்கோலுக்கும் அதில் மனக்குறை இல்லை. கூட்டுக்குரலுக்குக் காலையில் பாட்டு நேரம் ஒதுக்கப்பட்டது. அங்கே அது முன்னைவிட உயரமாக எழுகிறது. சுட்டுக்குச்சி பீரோவின்மேலேயே இருக்கிறது. எதைத் தொடுகிறோம் என்று பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு இறக்குவதாகப் பேச்சு. 'எங்கள் தோட்டம்' ஒருமுறை கதவுக்குப் பின்னால் தொங்கவிடப்பட்டது. அன்று மூன்று பேர் முகத்தைச் சுளித்தார்கள். பாடத்திட்டத்தில் இப்போது ஒரு கட்டம் எதுவும் எழுதப்படாமல் வெறுமையாக விடப்படுகிறது. மேற்பார்வைக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், அது தயக்கத்தின் நாற்காலி என்று டீச்சர் சொல்வதில்லை, அந்த நேரத்தில்தான் வாசிப்பு நடக்கிறது என்கிறார். சஷ்டிகா இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள், லீடரும் அவள்தான்.

ஆடு துண்டைத் திருப்பிக் கொடுத்ததா என்பது மட்டும் இதுவரை முடிவாகவில்லை. வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது.